யூசுஃப்ரக்ட் என்றால் நம்ம ஊர் போக்கியம்தானா?

கேள்வி: எங்கள் தாத்தா 1974-ல் ஒன்றரை ஏக்கர் நஞ்சையின் பேரில் கடன் வாங்கியிருக்கிறார். பழைய வக்கீல் கடிதம் ஒன்றில் அதை ‘யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நிலத்தை விற்றுவிட்டார் என்று அர்த்தமா? ‘யூசுஃப்ரக்ட்’ என்பதைத் தனிச் சொல்லாகவும் எழுதலாமா?

பதில்: விற்றதாக அர்த்தம் இல்லை, போக்கியத்துக்கு விட்டிருக்கிறார். சில ஊர்களில் ஒத்தி என்பார்கள்.

பார்த்தால் யூசுஃப் என்று யாரோ ஒருவர் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் இது ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த சொல், லத்தீனில் ‘ஊசுஸ்’ என்றால் பயன்பாடு, ‘ஃப்ரக்டுஸ்’ என்றால் கனி, பலன். பொருள் இன்னொருவருடையது, அதை வைத்துப் புழங்கவும் அதில் விளைவதை எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு, ஆனால் பொருளை அழிக்கக் கூடாது. ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்களே? ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்கி, பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகலாம், கிளையை வெட்டி விறகாக்கினால் வம்புதான். அந்த மகசூல் உரிமைதான் யூசுஃப்ரக்ட்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 58(டி) இதைத்தான் சொல்கிறது: கடன் கொடுத்தவர் நிலத்தைச் சுவாதீனத்தில் வைத்துக்கொண்டு, விளைச்சலையோ வாடகையையோ வட்டிக்கு ஈடாகவோ, அசலில் கழித்தோ, இரண்டுக்குமோ எடுத்துக்கொள்ளலாம். நிலம் உங்கள் தாத்தாவுடையதுதான். எது எதற்கு ஈடு என்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உயிர்நாடி, அதனால் வக்கீல் கடிதத்தை மட்டும் நம்பாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். வில்லங்கச் சான்றும் 1974-லிருந்தே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் நடுவில் தாத்தாவே கிரயம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது.

அப்படி எதுவும் இல்லையென்றால், ‘முப்பது வருஷம் தாண்டிவிட்டது, இனி நிலம் எங்களுடையது’ என்று எதிர்த்தரப்பு சொன்னாலும் பயப்படாதீர்கள். சிங் ராம் – ஷியோ ராம் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், போக்கியத்தில் நிலத்தை மீட்பதற்கான அந்த முப்பது வருஷக் கெடு அடமானம் வைத்த தேதியிலிருந்து ஓடாது, பணத்தைக் கட்டிய பிறகோ விளைச்சலில் கழிந்து தீர்ந்த பிறகோதான் ஓடும் என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைக் குறித்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

(போக்கியத்துக்கு வீடு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நூறு ரூபாய்க்கு மேல் போனாலே இந்த அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து லட்சத்தைக் கையில் கொடுத்துவிட்டு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது எந்த ஊர் தைரியமோ தெரியவில்லை.)

சரி, தனியாக எழுதலாமா? எழுதலாம், சட்டத்துக்கு வெளியிலும் எழுதியிருக்கிறார்கள். 1789-ல், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் தன் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பூமி வாழ்கிறவர்களுக்கு யூசுஃப்ரக்டாக மட்டுமே சொந்தம் என்கிறார், அதாவது அனுபவித்துக்கொள், கடனில் மூழ்கடித்துவிட்டுப் போகாதே. ‘யூசுஃப்ரக்சுவரி’ என்பது அடைமொழியாகவும் வரும், அந்த உரிமையை வைத்திருக்கும் ஆளையும் குறிக்கும். ஆனால் ‘பயன்பாடு’ என்பதற்குப் பகட்டான மாற்றுச் சொல்லாக இதைப் போடாதீர்கள். உங்கள் சொந்த பைக்கை நீங்கள் ஓட்டுவது யூசுஃப்ரக்ட் ஆகாது. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசிக்கும் பொருந்தாது, அதைத் தின்றால் தீர்ந்துவிடும். தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லே வேண்டாம், ‘ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று நம் பத்திர எழுத்தர்கள் எழுதுவதே இன்னும் தெளிவாக இருக்கிறது.