வாசகர் கேள்வி: செங்குதிரை விடுதியும் ஹோவ் குடும்பமும்

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ‘வழியோர விடுதிக் கதைகள்’ என்னும் கதைப்பாடல் தொகுதியில், இலையுதிர்கால இரவொன்றில் விடுதிக் கணப்பைச் சுற்றி அமர்ந்து பலர் கதை சொல்கிறார்கள். முதல் கதையை விடுதிக்காரரே சொல்கிறார். அப்படி ஒரு விடுதியும் விடுதிக்காரரும் உண்மையில் இருந்தார்களா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: இருந்தார்கள், விடுதி இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவிலுள்ள சட்பரி என்னும் ஊரில், பாஸ்டனையும் நியூயார்க்கையும் இணைத்த பழைய தபால் சாலையை ஒட்டி அது நிற்கிறது. இதைச் சத்திரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வழிப்போக்கருக்கு அறமாகச் சோறும் தங்க இடமும் தந்தவை நம் சத்திரங்கள். இதுவோ உரிமம் பெற்று, காசு வாங்கிக்கொண்டு, மனிதருக்கு உணவும் மதுவும் படுக்கையும், குதிரைக்குத் தீவனமும் தந்த தொழிலிடம்.

டேவிட் ஹோவ் என்பவர் தாம் குடியிருந்த சிறிய வீட்டிலேயே 1716ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் எசக்கியேல், பேரன் ஆடம், கொள்ளுப்பேரன் லைமன் என நான்கு தலைமுறைகள் அதே கூரையின் கீழ் விடுதி நடத்தின. எசக்கியேலின் காலத்தில் கட்டடம் விரிந்தது. செந்நிறக் குதிரை வரைந்த பலகை தொங்கியதால் செங்குதிரை விடுதி என்ற பெயரும் வழங்கியது. அக்காலத்து நியூ இங்கிலாந்தில் (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) விடுதிக்காரர் என்பவர் வெறும் மதுக்கடைக்காரர் அல்லர். செய்தியும் வழக்கும் அரசியலும் முதலில் வந்து சேர்ந்த இடம் விடுதிக்கூடம் என்பதால், அதை நடத்தியவர் ஊரில் மதிப்புள்ள மனிதராகவும், பல இடங்களில் ஊர்க்காவல் படையின் அதிகாரியாகவும் இருந்தார். எசக்கியேலும் அப்படிப்பட்டவரே. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19ஆம் நாள், ஆங்கிலப் படை கான்கார்டு என்னும் ஊரை நோக்கி வருகிறது என்ற செய்தி எட்டியதும், சட்பரியின் படைவீரர்களுடன் அவர் அங்கே விரைந்தார். கவிதையில் வரும் விடுதிக்காரர் தம் பாட்டனாரின் வாளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார் அல்லவா? அந்தப் பாட்டனார் இந்த எசக்கியேல்தான்.

கவிதையின் விடுதிக்காரருக்கு முன்மாதிரியானவர் லைமன். ஊரார் அவரைப் பெரியமனிதருக்குரிய ‘ஸ்குவயர்’ என்ற பட்டத்தால் அழைத்தார்கள், சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியாகவும் இருந்தார், மணம் செய்துகொள்ளவில்லை. அவர் பொறுப்பில் இருந்த காலம் விடுதிக்கு நல்ல காலமாக அமையவில்லை. பாஸ்டனிலிருந்து வூஸ்டர் நகருக்கு 1835இல் ரயில் ஓடத் தொடங்கியபின், குதிரைவண்டிப் பயணிகளை நம்பியிருந்த சாலையோர விடுதிகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. 1861இல் லைமன் இறந்தபோது ஹோவ் குடும்பத்தின் விடுதித் தொழிலும் அவரோடு முடிந்தது. லாங்ஃபெல்லோ அங்கே சென்று பார்த்தது அதற்கு அடுத்த ஆண்டு; நூல் வெளிவந்தது 1863இல். தமக்குப் புகழ் தேடித் தந்த நூல் வெளிவந்ததை லைமன் காணவில்லை என்பது, இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துகிறது.

கதை சொல்லும் மற்றவர்களும் பெரும்பாலும் உண்மை மனிதர்களை ஒட்டியே படைக்கப்பட்டார்கள். இசைக்கலைஞர், நார்வே நாட்டு வயலின் மேதை ஓலே புல். சிசிலியர், லூயிஜி மோன்டி. ஆனால் அவர்கள் அனைவரும் ஓரிரவு அங்கே ஒன்றுகூடியது கவிஞரின் கற்பனை.

கேள்வி: அமெரிக்காவில் தொடர்ந்து நடைபெறும் மிகப் பழைய விடுதி இதுதான் என்கிறார்களே, சரியா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: ‘மிகப் பழையவற்றுள் ஒன்று’ என்பதே சரி. ‘தொடர்ந்து’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். லைமனின் மறைவுக்குப்பின் 1897 வரை, ஏறத்தாழ 36 ஆண்டுகள், வீடு வாடகைக்கு விடப்பட்டது. கூடத்தில் அவ்வப்போது நடனங்கள் நடந்தன. வழிப்பயணிகள் இரவு தங்கும் விடுதியாக அது இயங்கவில்லை. ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரிலுள்ள வெள்ளைக்குதிரை விடுதி 1673ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது; அதன் வரலாற்றிலும் இடைவெளி உண்டு.

1897இல் சட்பரி விடுதியை வாங்கியவர் எட்வர்ட் லெமன். கவிதையைப் படித்தவர்கள் இடத்தைப் பார்க்க வருவார்கள் என்பதை உணர்ந்து, ‘லாங்ஃபெல்லோவின் வேய்ஸைடு இன்’ (வழியோர விடுதி) என்று பெயரிட்டு, அதை மீண்டும் விடுதியாக்கினார். குடும்பப் பெயரால் வழங்கிய இடம் அதுமுதல் ஒரு கவிஞரின் பெயரால் வழங்கலாயிற்று.

கேள்வி: மோட்டார் கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர் ஒருவர், ஆவடி

பதில்: லெமனின் மனைவியிடமிருந்து 1923இல் ஃபோர்டு அதை வாங்கினார். விடுதியோடு நிற்காமல் சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் வாங்கினார். வேறோர் ஊரிலிருந்து பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். நீரால் சுழலும் மாவரைக்கும் ஆலை ஒன்றைக் கட்டுவித்தார். ஓடும் வண்டிகளின் அதிர்வு பழைய கட்டடத்தைக் கெடுக்கும் என்று அஞ்சி, நெடுஞ்சாலையையே விடுதியிலிருந்து விலக்கித் திருப்பினார். இதை அவர் செய்த மிக நல்ல காரியமாக நான் கருதுகிறேன்; அப்படிச் செய்திராவிட்டால் இன்று அந்த முற்றத்தில் நின்று பேசக்கூட முடியாது. அந்த ஆலையையும், ஃபோர்டு கட்டுவித்த புதிய தேவாலயத்தையும் மட்டும் பழமையோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவை முறையே 1929, 1940ஆம் ஆண்டுகளில் எழுந்தவை.

1955 டிசம்பரில் தீப்பற்றி விடுதியின் பெரும்பகுதி எரிந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியால் சீரமைக்கப்பட்டு, 1958இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது லாபநோக்கில்லாத அறக்கட்டளை ஒன்று அதை நடத்துகிறது. தனி உரிமையாளர் எவரும் இல்லை. ஆயினும் நிர்வாகத்தைக் கவனிப்பவருக்கு, டேவிட் ஹோவுக்கு வழங்கிய அதே ‘விடுதிக்காரர்’ என்ற பெயரே வழங்கிவருகிறது.