ஸ்பானிய சுப்ஹுன்திபோ வினையின் இறந்தகால வடிவத்தை எவ்வாறு அமைப்பது, எங்கே பயன்படுத்துவது?

சுப்ஹுன்திபோ என்பது விருப்பம், அச்சம், கற்பனை போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினை வடிவம். அதன் இறந்தகாலத்தை அமைக்கும் முறை எளிது. எங்கே பயன்படுத்துவது என்பதைத் தெளிந்துகொள்ளத்தான் எனக்கு நெடுநாள் ஆயிற்று.

முதலில், செயல் முடிந்ததைக் குறிக்கும் இறந்தகாலத்தில் 'அவர்கள்' என்பதற்குரிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஆப்லாரோன்' (பேசினார்கள்), 'கொமியேரோன்' (சாப்பிட்டார்கள்), 'பிபியேரோன்' (வசித்தார்கள்). இறுதி 'ரோன்' என்பதை நீக்கிவிட்டு, நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ரா, ராஸ், ரா, ராமோஸ், ராயிஸ், ரான் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: 'ஆப்லாரா' என்பதில் நடு அசையை அழுத்தினால்தான் இந்த வடிவம், கடைசி அசையை அழுத்தினால் அது 'பேசுவார்' என்னும் எதிர்காலமாகிவிடும். 'ஆப்லாசே' என்பது போன்ற 'சே' வரிசையும் உண்டு. பொருள் ஒன்றே, லத்தீன் அமெரிக்கப் பேச்சில் அது அரிது.

இனி பயன்பாடு. 'நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்', 'நீ பேச வேண்டும் என்று விரும்பினேன்' என்னும் இரண்டிலும் நம் 'பேச வேண்டும்' மாறுவதில்லை. ஸ்பானியத்திலோ முன்னது 'கியேரோ கே ஆப்லேஸ்', பின்னது 'கெரீயா கே ஆப்லாராஸ்'. விரும்பியது, கேட்டுக்கொண்டது, அஞ்சியது இறந்தகாலமானால் அதைத் தொடரும் வினையும் இந்த வடிவத்துக்கு மாற வேண்டும்.

நிபந்தனை வாக்கியத்தில் சிக்கல் வேறு. 'நான் மாட்ரிட்டில் வசித்தால் தினமும் ஸ்பானியம் பேசுவேன்' என்று நாம் சொல்லும்போது, அது நடக்கக்கூடியதா வெறும் கற்பனையா என்பதைச் சூழல்தான் உணர்த்துகிறது. ஸ்பானியம் அதை வினையிலேயே காட்டுகிறது: நடக்கக்கூடியதானால் 'சி பிபோ' ('சி' என்பது நம் 'வசித்தால்' என்பதிலுள்ள 'ஆல்' போன்றது), கற்பனையானால் 'சி பிபியேரா'. நம் 'வசித்தால்' என்பதும் இறந்தகால அடியிலிருந்தே பிறக்கிறது, ஆனால் இறந்தகாலத்தைக் குறிப்பதில்லை. 'பிபியேரா'வும் இங்கே அப்படித்தான். இந்த ஒற்றுமையைக் கண்ட பிறகே அந்த வடிவம் எனக்கு அந்நியமாகத் தோன்றாமல் போயிற்று. 'பேசுவதுபோல' என்று ஒப்பிடும் 'கோமோ சி' என்பதற்குப் பின்னும் 'ஆப்லாரா'தான் வரும்.

கற்பனை நிபந்தனையின் விளைவுப் பகுதியில் 'ஆப்லாரீயா' போன்ற 'ரீயா' வடிவம் வரும்: 'சி பிபியேரா என் மத்ரித், ஆப்லாரீயா எஸ்பான்யோல்'. அந்த 'ரீயா'வை 'சி' தொடங்கும் பகுதிக்குள் கொண்டுபோய் 'சி பிபிரீயா' என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பெயினின் வடபகுதிப் பேச்சில் அவ்வழக்கு காதில் விழுந்தாலும் தேர்வுத்தாளில் அது பிழையே.