அடைமழைக்கு ஏற்ற நாய்ச் சட்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் என் கணவரோடு வயலுக்குப் போய்விடுகிறது. கடையில் வாங்கிய மழைச்சட்டை முதுகுக்குப் பொருந்தினால் மார்பைப் பிடிக்கிறது. மார்புக்குப் பொருந்தினால் வயிற்றுக்குக் கீழே தொங்கிச் சேற்றில் இழுபடுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்கு மார்பு ஆழமாகவும் இடை ஒடுங்கியும் இருப்பதால், லேப்ரடார், பக் போன்றவற்றின் உடல்வாகுக்கு வெட்டிய ஆயத்த உடை எளிதில் அமைவதில்லை. உள்ளூர்த் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே மேல்.

அளவெடுக்கும்போது நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பு மிக அகன்ற இடத்தைச் சுற்றி முதலில் டேப்பைப் பிடியுங்கள். இந்த அளவு தவறினால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. கழுத்தளவைக் கழுத்துப்பட்டை கிடக்கும் இடத்தில் எடுக்காமல், கழுத்து தோளோடு சேரும் அடிப்பகுதியில் எடுக்க வேண்டும். அங்கிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம். சட்டை அதைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருக்கட்டும்.

குடைத்துணியில் முதுகையும் விலாவையும் மட்டும் மூடும்படி வெட்டி, மார்புக்கொன்றும் இடைக்கொன்றுமாக இரண்டு நாடாக்கள் வைத்தால் போதும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது, வியர்ப்பது பாதங்களில்தான். நீர் புகாத துணியால் வயிறு உட்பட முழுவதும் சுற்றிவிட்டால், மழை விட்டு வெயில் எறித்ததும் உள்ளே வெந்து புழுங்கிவிடும். வெல்க்ரோ வேண்டாம், வயற்சேறும் உதிர்ந்த மயிரும் அடைத்துக்கொண்டபின் அது ஒட்டாது. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உழைக்கும். ஆண் நாயாக இருந்தால் இடை நாடா சிறுநீர்த் துவாரத்துக்கு நன்கு முன்னாலேயே அமைய வேண்டும்.

போட்டபின் நாடாவுக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். நாயை நடக்கவும் உட்காரவும் படுக்கவும் விட்டுப் பார்த்து, கழற்றியதும் முன்னங்கால் இடுக்கைத் தடவிப் பாருங்கள். அங்கே மயிர் நசுங்கியோ தோல் சிவந்தோ இருந்தால் துணியை அந்த இடத்தில் இன்னும் குடைந்து வெட்ட வேண்டும். கருவேல முள்ளிலும் கம்பி வேலியிலும் மாட்டிக்கொள்ளும் என்பதால், தனியே திரியும் நாய்க்குச் சட்டையே ஆகாது. வீடு திரும்பியதும் மயிரைத் துவட்டி, உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள். எலிக்காய்ச்சலைச் சட்டை தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எலி மூத்திரம் கலந்த வயல்நீரில் நடக்கும், அதையே குடிக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிதான் காப்பு.

கேள்வி: மார்கழிப் பனிக்கு எங்கள் லேப்ரடாருக்கு ஸ்வெட்டர் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். லேப்ரடாருக்கு உள்மயிர், மேல்மயிர் என இரண்டு அடுக்குகள் உண்டு. நம் பகுதி மார்கழி விடியற்காலை அதற்குச் சுகமான பொழுதே. குட்டிக்கும், வயதான நாய்க்கும் காய்ந்த கோணிச் சாக்கின் மேல் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டால் போதும். ஸ்வெட்டர் போட்டுப் புகைப்படம் எடுக்கும் ஆசை இருந்தால், எடுத்த கையோடு கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கருத்தடை அறுவைக்குப் பிறகு எங்கள் பெண் நாய் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவரிலெல்லாம் முட்டுகிறது. அதற்குப் பதிலாகச் சட்டை போடலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தையல் வயிற்றில் இருப்பதால் போடலாம், அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பருத்தி டி-ஷர்ட்டை முன்பின்னாகத் திருப்பி, தலையைக் கழுத்து வழியாகவும் முன்னங்கால்களைக் கைகள் வழியாகவும் விட்டு, மிஞ்சிய துணியை இடுப்பின் மேல் திரட்டித் தளர்வாக முடிச்சிடுங்கள். சிறுநீர் கழிக்க விடும்போது முடிச்சை அவிழ்த்துத் துணியை முன்னால் சுருட்டிக்கொள்ள வேண்டும். ஈரமான சட்டை தையலின் மேல் கிடக்கவே கூடாது என்பதால் மாற்றுச் சட்டை கையில் இருக்கட்டும். தையல் பிரிக்கும் வரை, வழக்கமாக 10 முதல் 14 நாட்கள், தினமும் துணியை விலக்கிப் புண்ணைப் பாருங்கள். நாய் துணியைக் கடித்துக் கிழிக்கத் தொடங்கினால் மீண்டும் கூம்பையே மாட்டிவிடுங்கள்.