அஸியா ஜெபாரின் மொழி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அல்ஜீரிய நாவல்களைப் பற்றிய குறிப்பில் அஸியா ஜெபாரைப் பெண்ணிய எழுத்தின் பெரிய பெயர்களில் ஒன்றாகச் சொல்லியிருந்தீர்கள். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு உறுத்தல் இருக்கிறது. தன் நாட்டை எரித்தவர்களின் மொழியான பிரெஞ்சில்தான் அவர் கடைசிவரை எழுதினார். அவர் எழுதிய மலைக்கிராமத்துப் பெண்களால் அந்தப் புத்தகங்களைப் படிக்கவே முடியாது. அப்படியானால் இந்தப் பெண்ணியம் யாருக்காக? பாரிஸ் வாசகர்களுக்காகவா? பிரெஞ்சு மொழியின் உச்ச சபையான பிரெஞ்சு அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொன்று, அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? முதல் நாவலிலிருந்தா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அல்ஜீரியாவிலேயே அவரைப் பார்த்துப் பலரும் கேட்ட கேள்விதான் இது. 1957இல் முதல் நாவல் ‘தாகம்’ வந்தபோது பிரான்ஸுக்கு எதிரான விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. நாடு பற்றி எரிகிறது, இவர் பணக்காரப் பெண்ணின் காதலைப் பற்றி எழுதுகிறாரே என்று திட்டினார்கள். ஆனால் அப்போதே அவர் ஒதுங்கி நின்றவர் இல்லை. ‘செவ்ர்’ என்று அறியப்பட்ட பிரெஞ்சுப் பெண்கள் உயர்கல்வி நிறுவனத்தில் 1955இல் இடம் பிடித்த முதல் அல்ஜீரியப் பெண் அவர். அடுத்த ஆண்டே அல்ஜீரிய மாணவர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்து தேர்வு எழுத மறுத்தார். அந்த இடமும் போயிற்று.

பிரெஞ்சு அவருக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். 1936இல் ஷெர்ஷெல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். காலனி ஆட்சியில் அரபு வீட்டுப் பெண்பிள்ளை பள்ளிக்குப் போவதே அரிது, போனால் படிப்பு பிரெஞ்சில்தான். ‘காதல், ஃபந்தாசியா’ நாவலின் (1985) முதல் வரியிலேயே ஒரு சிறுமி இலையுதிர்காலக் காலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அவள் வயதுப் பெண்கள் பருவம் வந்ததும் வீட்டுக்குள் போய்விட, இவள் வெளியே நடமாடினாள். அதற்குக் காரணம் அந்த மொழி. அதே அப்பாதான், பதினேழு வயதில் முன்பின் தெரியாத ஒரு பையனிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தபோது அதைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்தாள். எழுதப் படிக்க வைத்தவரே எழுத்தைப் பார்த்துப் பயந்த கணம் அது. ஜெபார் அப்பாவை வெறுக்கவுமில்லை, மன்னித்து மழுப்பவுமில்லை.

அதே நாவலில் அம்மாவைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஊர்ப் பெண்கள் யாரும் கணவன் பெயரைச் சொல்வதில்லை, ‘அவர்’தான். ஆசிரியர்களின் மனைவிகளோடு பழகிக் கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்ட அம்மா, ஒருநாள் கணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அப்புறம் அப்பா வெளியூரிலிருந்து ஒரு அஞ்சலட்டை போடுகிறார், மனைவியின் பெயருக்கே. தபால்காரர் உட்பட ஊர் ஆண்கள் கண்ணில் மனைவியின் பெயர் படும்படி எழுதுவதா என்று பெண்கள் அதிர்ந்துபோகிறார்கள். அம்மா அப்பா இருவருக்குள்ளும் அன்பு இருந்தது என்று மகளுக்குப் புரிவது அந்த அட்டையால்தான். இதைப் பாரிஸ் வாசகரை மனதில் வைத்து எழுதினார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, ‘எரித்தவர்களின் மொழி’ என்கிறீர்கள். அதை மறைக்காமல் நாவலின் நடுவிலேயே வைத்தவர் அவர். வரலாறு படித்து, வரலாறு கற்பித்தவர். பிரெஞ்சுப் படை 1830இல் அல்ஜியர்ஸ் அருகே இறங்கியதிலிருந்து அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளையும் வீட்டுக் கடிதங்களையும் தேடி எடுத்தார். 1845 ஜூனில் தஹ்ரா மலையில் ஊலத் ரியாஹ் இனக்குழுவினர் ஆடுமாடுகளோடும் குழந்தைகளோடும் குகைக்குள் ஒளிந்தபோது, கர்னல் பெலிஸியே குகைவாயில் இரவெல்லாம் தீ மூட்டினார். உள்ளே நூற்றுக்கணக்கானோர் புகையில் செத்தார்கள். உடல்களை வெளியே கொண்டுவந்து கிடத்தச் செய்து, பெலிஸியே விரிவான அறிக்கை எழுதினார். பாரிஸில் அது பெரிய கூச்சலைக் கிளப்பியது. இரண்டு மாதம் கழித்து சேன்ட் ஆர்னோ என்ற இன்னொரு கர்னல் வேறொரு குகையில் ஆட்களை உள்ளே வைத்தே வாயை அடைத்தார். அவர் விரிவான அறிக்கை எதுவும் எழுதவில்லை, மேலதிகாரிக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பியதோடு சகோதரனுக்குக் கடிதத்தில் சொன்னார்.

ஜெபார் இங்கே எழுதுவது என்னை நிறுத்திவிட்டது. பெலிஸியேவுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது என்கிறார். கொன்றவன்தான், ஆனால் பார்த்ததை எழுதிவிட்டான். அந்த எழுத்து இருப்பதால்தான் நூற்று நாற்பது ஆண்டு கழித்து அந்தக் குகைக்குள் ஒரு அல்ஜீரியப் பெண்ணால் நுழைய முடிகிறது. சேன்ட் ஆர்னோ அடைத்த குகைக்குள் அப்படி நுழைய வழியில்லை. பிரெஞ்சு தெரியாமல் இந்தச் சாட்சியத்தை அவர் எடுத்திருக்கவே முடியாது. எதிரியின் காகிதத்தை எதிரிக்கு எதிராக வாசிக்க எதிரியின் மொழி வேண்டும்.

நீங்கள் கேட்ட மலைக்கிராமத்துப் பெண்களுக்கு வருகிறேன். 1967இல் நான்காவது நாவல் வந்தபின் 1980வரை அவர் புனைகதை நூல் எதையும் வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் அம்மா வழிச் சொந்தங்கள் இருந்த ஷெனுவா மலைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். போராளிகளுக்குச் சோறு போட்ட, மகன்களைப் பறிகொடுத்த, சிறையில் அடிபட்ட பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அதிலிருந்து அல்ஜீரியத் தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுத்தார், ‘ஷெனுவா மலைப் பெண்களின் நூபா’. நூபா என்பது ஒருவர் பின் ஒருவராக முறைவைத்துப் பாடும் மரபிசை. அந்தப் பெண்கள் படத்தில் தங்கள் பேச்சுமொழியிலேயே பேசுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கு அவரே கொடுத்த பதில் அது. 1979இல் வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசு கிடைத்தது.

அந்தக் குரல்கள்தான் ‘காதல், ஃபந்தாசியா’வின் மூன்றாம் பகுதி. ஷெரீஃபா என்ற பெண் தன் 13 வயதுக் கதையைச் சொல்கிறாள். படையினர் சுட்டதில், கூட ஓடிய சகோதரன் விழுகிறான். மரத்தில் ஏறி ஒளிந்தவள் பிறகு இறங்கித் திரும்பி வந்து பிணத்தைத் தேடுகிறாள். கழுவ வேண்டும், முகத்தையாவது நனைக்க வேண்டும் என்று தண்ணீர் கொண்டுவருகிறாள். அலங்காரமே இல்லாத வாக்கியங்கள். பிரெஞ்சுதான், ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கிழவி சொல்வதன் மூச்சு அதில் இருக்கிறது. 1980இன் கதைத் தொகுப்பு முன்னுரையில் ஜெபார் சொன்னது இதைத்தான்: பெண்களுக்காகப் பேசுகிறேன் என்றோ அவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றோ சொல்லிக்கொள்ளக் கூடாது, அவர்கள் பக்கத்தில், முடிந்தால் ஒட்டி நின்று பேச வேண்டும். நான் அவரைப் பெரிய பெண்ணிய எழுத்தாளர் என்று சொன்னது இந்த நிலைப்பாட்டுக்காக.

கவிதைத் தொகுப்பும் (1969) உண்டு. புதிய நாட்டின் உற்சாகம் அதில் தெரிகிறது, அதற்கு மேல் என்னை அது தொடவில்லை. அவருடைய உண்மையான கவிதை நாவல்களுக்குள் சாய்வெழுத்தில் வரும் பக்கங்களில் இருக்கிறது.

அகாதெமி விஷயம். 2005இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்ரெப் என்னும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து அங்கே நுழைந்த முதல் எழுத்தாளர். காலனியாட்சியின் ‘நல்ல பக்கத்தை’ப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் இயற்றிய ஆண்டும் அதுதான். அடுத்த ஆண்டு ஏற்புரையில், அந்தச் சபையின் நடுவே நின்று, காலனியாட்சி நான்கு தலைமுறை மக்கள் மேல் ஒரு பெரும் காயம் என்றார். இடம் கொடுத்தார்கள் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1990களில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் அவருடைய நண்பர்களைக் கொன்றபோதும் அதே நேர்மையோடு ‘அல்ஜீரியாவின் வெண்மை’யை எழுதினார். பலியானவர்களில் ஒருவர் நாடகக்காரர் அப்துல்காதர் அலூலா, ஜெபாருடைய கணவரின் சகோதரர். ஜெபார் 2015 பிப்ரவரியில் பாரிஸில் இறந்தார், ஷெர்ஷெலில் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு அல்ஜீரியாவில் அவர் பெயரில் ஒரு நாவல் பரிசு தொடங்கியது. அரபி, தமாஸிக்த் என்ற பெர்பர் மொழி, பிரெஞ்சு மூன்றில் எழுதும் நாவல்களுக்கும் உரியது அது.

முதல் நாவலிலிருந்து தொடங்காதீர்கள். ‘காதல், ஃபந்தாசியா’வை எடுங்கள், டோரதி பிளேரின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. முதல் நாற்பது பக்கம் போர்க்கப்பல்களும் தேதிகளுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது பிடித்திருந்தால் ‘கல்லறை இல்லாத பெண்’ (2002). பிரெஞ்சுப் படை பிடித்துக்கொண்டுபோய், குடும்பத்துக்கு உடலைக்கூடக் கொடுக்காத ஷெர்ஷெல் போராளி ஸூலிகாவைப் பற்றியது. ‘நூபா’ படத்தை ஜெபார் அர்ப்பணித்தவர்களில் அவரும் ஒருவர். ஷெரீஃபாவின் அத்தியாயம்வரை வந்ததும் எழுதுங்கள். உறுத்தல் அப்போதும் இருந்தால் மேலே பேசலாம்.