ஃபொரூக்கின் தோட்டம் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஈரானியக் கவிஞர் ஃபொரூக் ஃபரோக்ஸாத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். அவருடைய நடையின் தனித்தன்மை என்ன? பல கவிதைகள் பட்டியல் மாதிரி நீள்கின்றன, சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மணமுறிவு, மகனைப் பிரிந்தது, 32 வயதில் கார் விபத்தில் இறந்தது என்று அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் இவை புரியுமா? சொஹ்ராப் செபெஹ்ரிதான் பெரிய கவிஞர் என்கிறார் என் நண்பர்.

செல்வி

அன்புள்ள செல்வி,

செபெஹ்ரி விஷயத்தை உங்கள் நண்பரிடமே விட்டுவிடுகிறேன். கவிஞர்களுக்கு ரேங்க் போடுவதில் எனக்கு நாட்டமில்லை.

யாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவீன பாரசீகக் கவிதையின் முன்னோடியான நீமா யூஷிஜ், அரூஸ் என்ற பழைய பாரசீக யாப்பின் சீர்களை வைத்துக்கொண்டு, எல்லா அடியும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டை அவிழ்த்தார். ஃபொரூக்கின் முதல் மூன்று தொகுப்புகளில் பெரும்பாலும் நாலடிக் கண்ணிகள்தான். 1964-இல் வந்த 'இன்னொரு பிறப்பு' தொகுப்பில் நீமாவின் வழியைப் பிடித்தார். பேசுகிற தொனி உள்ளே வருவதற்காக அதையும் மேலும் தளர்த்தினார்.

சரி, வாழ்க்கைக் கதைக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் அதில்தான். ஆண் கவிஞரிடம் நடையைக் கேட்கிறோம், பெண் கவிஞரிடம் புருஷனைப் பற்றிக் கேட்கிறோம். 1954-இல் காதல் இன்பத்தை வெளிப்படையாகச் சொன்ன 'பாவம்' கவிதை வெளிவந்தபோது தெஹ்ரானும் அதைத்தான் செய்தது. வம்புக்குத் தீனி போட்ட அந்த ஆரம்பக் கவிதைகள் அவருடைய சிறந்த கவிதைகளும் அல்ல.

அவர் இறந்த பிறகு தொகுக்கப்பட்ட கவிதைகளில், வீட்டுத் தோட்டத்துக்காக மனம் நோகும் ஒரு கவிதை இருக்கிறது. பூக்களைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை, மீன்களைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை என்று தொடங்கும். அப்பாவுக்கு ஓய்வூதியம் போதும், பாரசீகக் காவியமான ஷாநாமா படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா பூவுக்கும் மீனுக்கும் தனக்கும் மந்திரித்து ஊதுகிறாள். சகோதரன் தோட்டத்தைக் கல்லறை என்கிறான். அடையாள அட்டை, கைக்குட்டை, லைட்டர், பேனாவோடு தன் அவநம்பிக்கையையும் கடைத்தெருவுக்கு எடுத்துப் போகிறான். பட்டியல் என்று குறை சொன்னீர்களே, அந்த லைட்டரும் பேனாவும் இல்லாமல் அவன் நம் கண்ணுக்குத் தெரிவானா?

அப்புறம் சகோதரி. நகரத்தின் அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு செயற்கை வீடு, செயற்கைத் தங்கமீன்கள், செயற்கைக் கணவனின் அன்பு, செயற்கை ஆப்பிள் மரம், செயற்கைப் பாட்டுகள். பெறுவது மட்டும் இயற்கையான பிள்ளைகள்! அத்தனை முறை அந்தச் சொல்லை அடுக்கியது இந்த ஒரு இடத்தில் அதை மாற்றுவதற்காகத்தான். அவளைப் பற்றிய நையாண்டி, பரிதாபம் எல்லாம் அந்த மாற்றத்தில் இருக்கிறது. இதையா "சொன்னதையே சொல்கிறார்" என்கிறீர்கள்? மொழிபெயர்ப்பிலேயே தெரிகிற விஷயம் இது. கொஞ்சம் நின்று படித்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் பெரியம்மாவுக்கு ஒருமுறை இந்தக் கவிதையை வாய்ச்சொல்லாகத் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட, கொல்லையில் தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். சகோதரன் வந்த இடத்தில் "நம்ம வீட்டிலயும் ஒருத்தன் இருக்கானே" என்றார். இயற்கையான பிள்ளைகள் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அந்தத் தோட்டம் பிழைச்சுதாடா?" என்று கேட்டார். எழுதியது யார், கல்யாணமானவளா, பிள்ளை யாரிடம் வளர்ந்தது, எதையும் கேட்கவில்லை. அவருக்கு ஈரான் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நான் பார்த்தவர்களில் ஃபொரூக்கை அவரைப் போலப் படித்தவர்கள் குறைவு.

ஆர்வத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். உங்கள் புத்தகத்தில் இந்தக் கவிதை இருந்தால் முன்னுரையைத் தள்ளிவிட்டு நேராக அங்கே போங்கள். சத்தம் போட்டுப் படியுங்கள். சகோதரி வரும் இடத்தில் சிரிப்பு வந்ததா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.