8க்கு 5 பாத்ரூமில் டைல்ஸை எப்படிப் பதிப்பது: நேராகவா, செங்கல் அடுக்கு மாதிரியா, டயமண்டாகவா?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இதுதான். பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி, சுவருக்கு 2 அடிக்கு 1 அடி டைல்ஸ் பார்த்து வைத்தாயிற்று, நேராகப் போடலாமா மாற்றி மாற்றிப் போடலாமா, தரையில் டைலை மூலைவாட்டில் திருப்பிப் போடுகிற டயமண்ட் அழகாக இருக்குமா, கொத்தனார் சிமெண்ட்டே போதும் என்கிறார், கடைக்காரர் கம் (டைல் ஒட்டுகிற பசை) வாங்கச் சொல்கிறார். திருச்சியில் வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவன் நான். என் பதில்: நேராகப் போடுங்கள், கம் வைத்து ஒட்டுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் தரையின் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவை, முடிவு பண்ணுங்கள், ஏனென்றால் மற்ற முடிவுகள் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் சுவர் டிசைனில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாத்ரூமில் ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஜாலிக்கு (தண்ணீர் வெளியேறுகிற ஓட்டை மூடிக்கு) போய்ச் சேர வேண்டும், அதற்கு ஆறடிக்கு ஒரு இஞ்சாவது இறக்கம் வேண்டும். நம் வீடுகளில் ஜாலி மூலையில்தான் இருக்கும். அப்படியென்றால் தரை இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மூலையை நோக்கிச் சாய வேண்டும். 2 அடிக்கு 2 அடி டைலை அப்படிச் சாய்க்க முடியாது. அது ஒரே தட்டைப் பலகை, ஒரு முனையை இறக்கினால் இன்னொரு முனை தூக்கிக்கொள்ளும், அந்தத் தூக்கலில்தான் தண்ணீர் தேங்கும், கால் விரலும் இடிக்கும். அதற்காகக் குறுக்கே வெட்டி நான்கு துண்டாகச் சேர்த்தால் பெரிய டைல் வாங்கிய காசு வீண். 1 அடிக்கு 1 அடி டைல் என்றால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வாட்டத்தோடு கொண்டுபோய்விடலாம். இல்லை, எனக்குப் பெரிய டைல்தான் வேண்டும் என்றால் மூலை ஜாலியை விட்டுவிட்டு ஒரு சுவர் நெடுக நீள ஜாலி வைக்கச் சொல்லுங்கள், அப்போது தரை ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். அதையும் பிளம்பர் பைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

டயமண்ட் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். ஐந்தடி அகலத் தரையில் டயமண்ட் போட்டால் நான்கு ஓரமும் முக்கோணத் துண்டுகள், அதன்மேல் வாட்டத்தின் வெட்டு வேறு. நேராகப் போட்டால் நூற்றுக்குப் பத்து கழிவுக்கு வைத்தால் போதும், டயமண்டுக்குப் பதினைந்து வைக்க வேண்டும். ஹாலில் போடுங்கள், நன்றாக இருக்கும்.

தரைக்குப் பளபளப்பில்லாத மேட் பினிஷ் மட்டும்தான். கடையிலேயே ஒரு டைலைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, சோப்பு கிடைத்தால் அதையும் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் அவர்கள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் கால் வைக்கப் போகிற இடம் அது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அழகுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று நினைக்க வேண்டாம். ஜாயிண்ட் வழியாக இறங்கும். தடுப்பது அடியில் அடிக்கிற வாட்டர் ப்ரூஃப் பூச்சுதான். அதை அடித்து முடித்ததும் ஜாலியை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ் வீட்டுச் சீலிங்கைப் பார்த்த பிறகு டைல்ஸ் வேலையை ஆரம்பியுங்கள்.

இனி சுவர். ஏழடி உயரம் என்றால் டைலைப் படுக்கையாகப் போடும்போது சரியாக ஏழு வரிசை வரும். நிற்க வைத்தால் மூன்றரை, ஒரு வரிசை முழுக்க வெட்டு. எட்டடிச் சுவருக்கு நான்கு டைல், ஐந்தடிச் சுவருக்கு இரண்டரை. கணக்கு நன்றாக வருகிறது, ஆனால் பூச்சு வேலை முடிந்ததும் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் குறைந்திருக்கும், அதனால் பூசிய பிறகு திரும்ப அளந்துதான் கணக்குப் போட வேண்டும். கதவைத் திறந்ததும் எந்தச் சுவர், எந்த மூலை கண்ணில் படுகிறதோ அங்கிருந்து முழு டைலில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், வெட்டுத் துண்டு கதவுக்குப் பின்னால் போகட்டும். ஒரு ஓரத்தில் இரண்டு இஞ்ச் சீவல்தான் வரும் போலிருந்தால் ஆரம்பத்தைக் கொஞ்சம் தள்ளி, இரண்டு ஓரத்திலும் சம அளவுத் துண்டு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

செங்கல் அடுக்கு சின்ன டைலுக்குப் பொருந்தும். 2 அடி நீள டைல் சூளையில் வெந்து வரும்போது நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். பாதிக்குப் பாதி மாற்றிப் போட்டால் ஒன்றின் மேடு இன்னொன்றின் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், நகத்தால் தடவினால் தட்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழும். அந்த டிசைன் கட்டாயம் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் போடுங்கள்.

சுவரில் அடி வரிசையை முதலில் ஒட்டக் கூடாது. ரசமட்டம் பார்த்து ஒரு ரீப்பர் (நேரான மரச் சட்டம்) அடித்து, அதன்மேல் இரண்டாவது வரிசையிலிருந்து ஏறிப் போக வேண்டும். தரை முடிந்த பிறகு அடி வரிசையை வாட்டத்துக்குத் தக்கபடி வெட்டி, தரை டைலின் மேல் உட்காருகிற மாதிரி ஒட்டினால் சுவரில் வழிகிற தண்ணீர் நேரே தரை டைல் மேல் விழும்.

சிமெண்ட்டா கம்மா என்பதில் உங்கள் கொத்தனார் சொல்வதும் பொய் இல்லை. செராமிக் டைல் தண்ணீர் குடிக்கும், அதைத் தொட்டியில் ஊறப்போட்டுச் சிமெண்ட்டில் ஒட்டிய சுவர்கள் இன்றும் கெட்டியாக நிற்கின்றன. விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, அதில் சிமெண்ட் பால் பிடிக்க வழியே இல்லை. நீங்கள் பார்த்து வைத்திருப்பது எது என்று பெட்டியைப் பாருங்கள். விட்ரிஃபைட் என்றால் கம்தான், பேச்சே இல்லை. செராமிக்காக இருந்தாலும் நான் கம்தான் போடுவேன். கம் மூட்டையில் ஐ.எஸ். 15477 என்றும் எந்த டைப் என்றும் போட்டிருக்கும், டைல் பெட்டியைக் காட்டி அதற்கேற்ற டைப்பை வாங்குங்கள். ஒரு விஷயம், சிமெண்ட் கலவை சுவரின் மேடு பள்ளத்தை மறைத்துக் கொடுக்கும், கம் கொடுக்காது. அதனால் பூச்சுவேலையின்போதே தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக்கிவிட வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டைலின் முதுகில் நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று கம்மை உருண்டை உருண்டையாக அப்பினால் நிறுத்தச் சொல்லுங்கள். பல் கரண்டியால் சுவர் முழுக்க வரி இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். அப்போதே ஒட்டிய ஒரு டைலைப் பிடுங்கித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்க, மூலைவரை கம் அப்பியிருந்தால் சரி. மூலை காலியாக இருந்தால் கரண்டிக் காம்பால் தட்டும்போது டொப் டொப் என்று பொள்ளலாகக் கேட்கும், நாளைக்கு கீசருக்கு ட்ரில் போடும்போது அந்த மூலைதான் தெறிக்கும்.

டைலுக்கு டைல் 2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒட்டினால்தான் அழகு என்று சிலர் சொல்வார்கள், ஆனால் எல்லா டைலும் இம்மி பிசகாமல் ஒரே அளவில் வருவதில்லை, நாலு வரிசை போனதும் கோடு ஓடிவிடும். ஜாயிண்ட்டுக்குத் தரையிலும் குளிக்கிற பக்கத்துச் சுவரிலும் எபாக்சி என்கிற ரெசின் கலவையைப் போடுங்கள், விலை அதிகம்தான், சாதா ஜாயிண்ட் பவுடர் சோப்பிலும் போர் தண்ணீரிலும் கறுத்துப்போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்பு, கரு நீலம் மாதிரி பளபளப்பு டைல் சுவருக்கு வேண்டாம், வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும்.

கதவை விட்டுவிட்டுச் சுவர் சுமார் 165 சதுர அடி, கழிவையும் சேர்த்து 91 டைல் வாங்க வேண்டும். தரைக்கு 1 அடிக்கு 1 அடி டைல் 44. எல்லாப் பெட்டியிலும் ஷேட் நம்பர் ஒன்றா என்று வண்டியில் ஏற்றும்போதே பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் ஆறேழு டைலை எடுத்துப் பரணில் போட்டு வையுங்கள், பின்னால் பைப் ஒழுகி எங்காவது உடைக்க வேண்டி வந்தால் அந்த ஷேட் கடையில் கிடைக்காது.