நோயாளியை அடையாளம் காணுதல்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். காலையில் பெயர் கேட்ட அதே செவிலியர் மாலையிலும் கேட்கிறாரே, ஏன்?

பதில்: அது அவர் செய்ய வேண்டிய பணி. தெரிந்த முகம்தானே என்று சரிபார்க்காமல் விடும் நேரத்தில்தான் ஒருவருக்குரிய ஊசி இன்னொருவருக்குப் போய்விடுகிறது. சிகிச்சைக்கு முன் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றும், அவற்றுள் அறை எண் இடம்பெறக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. "நீங்கள் முருகேசன்தானே?" என்று கேட்டால், காது மந்தமானவரும் அரைமயக்கத்தில் இருப்பவரும் தலையசைத்துவிடுவார்கள். ஆகவே "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, வரும் பதிலைக் கைப்பட்டையுடனும் மருந்துச் சீட்டுடனும் ஒப்பிடுவதே சரியான முறை. அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரே வார்டில் இரண்டு எம். லட்சுமி இருக்கிறார்கள், இருவருக்கும் பிறந்த தேதி தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: நம் ஊரில் இது அன்றாடச் சிக்கல். தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தாக நின்றுவிடுகிறது. முதியவர்கள் பலர் வயதை "அறுபது, அறுபத்தைந்து இருக்கும்" என்றே சொல்கிறார்கள். எனவே தந்தை அல்லது கணவரின் பெயரை முழுமையாக எழுதி, மருத்துவமனைப் பதிவு எண்ணை இரண்டாவது அடையாளமாகக் கொள்ளுங்கள். கோப்பின் மேல் "இதே பெயரில் இன்னொருவர் உள்ளார்" என்று எழுதுங்கள். இயன்றால் இருவரையும் அடுத்தடுத்த படுக்கைகளில் வைக்காதீர்கள்.

கேள்வி: இரத்த மாதிரிக் குழாய்களில் முன்கூட்டியே பெயர் ஒட்டி வைத்துக்கொண்டால் வேலை விரைவாக முடியுமே?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாதிரி எடுத்தவரே, நோயாளியின் படுக்கையருகிலேயே, எடுத்த உடனே பெயரும் எண்ணும் எழுத வேண்டும். குழாய் மாறிவிட்டால் ஆய்வகம் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வேறொருவரின் இரத்த வகையைத்தான் சரியாகக் கண்டறிந்து சொல்லும். ஓ வகையினருக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால், அவர் உடலில் ஏற்கெனவே உள்ள எதிர்ப்பொருள்கள் அந்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். அதனால்தான் இரத்தம் ஏற்றுமுன் இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ஒருவர் வாசிக்க மற்றவர் "சரி" என்பது அதற்கு ஈடாகாது.

கேள்வி: விபத்தில் நினைவிழந்து, தனியாகக் கொண்டுவரப்பட்டவருக்கு?

பதில்: உடனே தற்காலிக எண் கொடுத்துக் கைப்பட்டை கட்டுங்கள். பிறகு உறவினர் வந்து பெயர் சொன்னாலும், அந்த எண்ணில் அனுப்பிய மாதிரிக்கான இரத்தம் ஏற்றி முடியும்வரை பட்டையை மாற்றாதீர்கள்; இடையில் மாற்றினால் இரத்தப் பையில் உள்ள விவரமும் கையில் உள்ள விவரமும் பொருந்தாமல் போகும்.